வாகனத்தில் ஒட்டிய மரப்பால்: கறையை விட அவசரத்தால் வரும் நட்டமே பெரிது

எமது நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பெறுமதியான பொருட்களை வரிசைப்படுத்தினால், காணிக்கும் வீட்டுக்கும் அடுத்ததாக வருவது வாகனம்தான். பலருக்கு அதுவே தொழில். ஹயருக்கு ஓடும் வேன், புடவைக் கடைக்குச் சாமான் ஏற்றும் சிறிய லொறி, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் என்று ஒரு வாகனத்தை நம்பி ஒரு குடும்பமே சீவிக்கிறது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பாவித்த வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்றவர்களும் உண்டு.

அந்த ஐந்து வருடங்கள் நமக்கு ஒரு பாடத்தைத் தந்தன. வாகனத்தின் எஞ்சினைப் போலவே அதன் உடம்பின் நிலையும் பணம். விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற இரண்டு சொற்களை எவ்வளவு பெருமையோடு போடுகிறார்கள்! வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் அந்த ஒரிஜினல் பெயின்ட் விபத்தில்தான் போக வேண்டும் என்றில்லை. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்திய ஒரு பகலிலும், அதன் பின்னர் கறையை நீக்குகிறோம் என்று செய்யும் பத்து நிமிட அவசர வேலையிலும் கூட அது போய்விடும். இவ்வாரம் நாம் பார்க்கப்போவது இதைப் பற்றித்தான்.

வெயில் நாட்டில் வாகனத்தை நிழலில் நிறுத்துவது குற்றமல்ல. ஜும்ஆவுக்கு வருபவர்கள் பள்ளிவாசல் வளவிலும், கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் ஒழுங்கையிலும் முதலில் தேடுவது மரத்தடியைத்தான். திரும்பி வந்து பார்க்கும்போது பொனட்டிலும் கூரையிலும் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருக்கும். உடனே கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தேய்ப்பவர் ஒரு வகை. 'அடுத்த சேவிஸில் பார்த்துக்கொள்வோம்' என்று மூன்று கிழமை வெயிலில் விட்டு வைப்பவர் இன்னொரு வகை. இருவருமே நட்டப்படுகிறார்கள்.

பெயின்ட் என்பது எவ்வளவு தடிப்பு?

காரின் வெளிப்பக்கம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு என்று பல படைகள் உள்ளன. கராஜ்காரர் 'கிளியர்' என்று சொல்வது இந்தத் தெளிபூச்சைத்தான். 1980களில் இருந்து இந்த முறை உலகெங்கும் பரவிவிட்டது. பளபளப்பைத் தருவதும், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மேற்படைதான்.

எல்லாப் படைகளையும் சேர்த்தாலும் தொழிற்சாலைப் பெயின்டின் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். தெளிபூச்சு மட்டும் 35 முதல் 50 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரோன். அதாவது இலட்சக்கணக்கான ரூபாவைக் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் படை ஒரு மயிரின் பாதியளவு தடிப்புக் கொண்டது. பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டால் அதைத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மரத்திலிருந்து விழுந்த துளி முதலில் வெறும் ஈரம்தான். வெயில் ஏறியதும் அதிலுள்ள நீரும் ஆவியாகக் கூடிய எண்ணெய்களும் போய், மிச்சம் இறுகிச் சுருங்குகிறது. அதே நேரத்தில் வெயிலில் நிற்கும் கறுப்பு அல்லது கடும் நிற வாகனத்தின் தகடு 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் தெளிபூச்சு சற்று இளகி நிற்கும். மேலே சுருங்குகின்ற துளி, இளகிய பூச்சைத் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. பிறகு துளியை எடுத்துவிட்டாலும் அது இருந்த இடத்தில் ஒரு வளையம் அல்லது சிறு பள்ளம் தெரிவது இதனால்தான். பறவை எச்சம் செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுவே. ஆகவே முதல் நாளில் எடுத்தால் அது கறை. ஒரு மாதம் கழித்து எடுத்தால் அது காயம்.

எல்லாம் ஒரே பசை அல்ல

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் அநேகமாக எல்லாமே பைன் மரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் 'அல்ககோல் பூசுங்கள்' என்று ஒரே மருந்து இருக்கும். நமது ஊரில் மரங்கள் வேறு, அவற்றிலிருந்து வடிவதும் வேறு. எது எதில் கரையும் என்று தெரியாமல் தொடங்கினால் மூன்று நான்கு திரவங்களை மாறி மாறி ஊற்றிப் பெயின்டைத்தான் கெடுப்போம்.

முதலாவது பால். பலா, ஈரப்பலா, இறப்பர், அரலியா ஆகியவற்றில் வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாக வருவது. இது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துளிகளால் ஆனது. ஈரமாக இருக்கும்வரை வெறும் தண்ணீருக்கே கழுவுப்படும். காய்ந்துவிட்டால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது பிசின். முருங்கை, வேம்பு ஆகியவற்றின் தண்டில் கண்ணாடித் துண்டு போலத் திரண்டு நிற்பது. பார்வைக்குக் கல்லு மாதிரி இருந்தாலும் இதற்குத் தண்ணீர்தான் மருந்து. முருங்கைப் பிசினை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஊறிப் பெருத்து வழவழப்பாகிவிடும். காரில் ஒட்டியதும் அப்படித்தான்.

மூன்றாவது குங்கிலியம் போன்ற மெழுகுத் தன்மையுள்ளது. மலைநாட்டில் பண்டாரவளை, ஹந்தானைப் பகுதிகளில் நடப்பட்டுள்ள பைன் மரங்களிலிருந்து வருவது. தண்ணீரில் கரையாது, அல்ககோலிலும் டர்பன்டைனிலும் கரையும். டர்பன்டைனே பைன் மரத்தின் பாலைக் காய்ச்சி வடித்து எடுக்கப்பட்டதுதான் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

மாமரம் கொஞ்சம் கரைச்சலான ஆள். அதில் பிசினும் குங்கிலியத் தன்மையும் கலந்திருக்கும். காம்பைக் கிள்ளியதும் பீறிட்டு வரும் பால் மாங்காயின் தோலையே கருக்கிவிடும். களவாக மாங்காய் தின்று உதட்டோரம் வெந்துபோன பிள்ளைகளை ஊரில் யார்தான் காணவில்லை? தோலைச் சுடுவது பெயின்டை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாமரத்தடியில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது.

இவை தவிர நான்காவதாக ஒன்று உண்டு. அது மரத்தின் பாலே அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர். மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியும், அண்மை வருடங்களில் தென்னையைப் பீடித்துள்ள வெண் ஈயும் இதைப் பொழிகின்றன. கொழும்பில் வீதியோரங்களில் நிற்கும் மாரா மரத்துக்கு மழை மரம் என்று பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அதிலுள்ள பூச்சிகள் இவ்வாறு தூறலாகப் பொழிவதுதான். கண்ணாடி முழுவதும் பனி போட்டது போல மிக நுண்ணிய ஒட்டும் புள்ளிகள் இருந்தால் அது இதுதான். இதை அப்படியே விட்டால் அதன் மேல் கரும்பூஞ்சணம் வளர்ந்து கறுப்பாகும். சீனிப்பாகு போன்றது என்பதால் இளஞ்சூட்டு நீரும் வாகன ஷெம்பூவும் போதும். இதற்குப் போய் மண்ணெண்ணெயும் தின்னரும் எடுப்பது வீண் வேலை.

எப்படி எடுப்பது?

எந்த வகையாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வாகனத்தை நிழலுக்குக் கொண்டுவந்து தகடு ஆறும்வரை விட வேண்டும். சூடான தகட்டில் ஊற்றும் எந்தத் திரவமும் வேலை செய்யும் முன்னரே காய்ந்துவிடும். காயும்போது தானும் ஒரு கறையை விட்டுச்செல்லும். பின்னர் நிறையத் தண்ணீர் விட்டு, ஷெம்பூ போட்டுக் கழுவி, மண்ணையும் தூசியையும் போக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். தூசி என்பது பெரும்பாலும் மணல். பசையைத் தேய்க்கிறோம் என்று நினைத்து மணலைத்தான் பெயின்டில் தேய்க்கிறார்கள்.

கழுவிய பின் ஒரு துவாயை நல்ல சூட்டு நீரில் நனைத்து, கறையின் மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டு வையுங்கள். கொதிநீர் வேண்டாம், கையால் பிழியக் கூடிய சூடு போதும். பிசின் வகையானால் இதிலேயே ஊறி, துணியோடு வந்துவிடும். முதல் தடவை வராவிட்டால் இன்னொரு தடவை போடுங்கள். இதற்கு மேல் ஒரு சதமும் செலவில்லை.

காய்ந்த பலாப்பாலுக்கு என்ன செய்வது? இதற்கான விடை நமது குசினியிலேயே இருக்கிறது. பலாக்காய் வெட்டும் உம்மாமார் முதலில் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பால் ஒட்டிய கையைச் சவர்க்காரம் போட்டு எவ்வளவு கழுவினாலும் போகாது, எண்ணெய் போட்டு உருட்டினால் வந்துவிடும் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. காருக்கும் அதே கணக்குத்தான். தேங்காயெண்ணெய் அல்லது குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயைக் கறையின் மேல் தடவி, கால் மணி நேரம் விட்டு, விரல் நுனியால் மெதுவாக உருட்ட வேண்டும். பால் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். பிடிவாதமாக நிற்பதற்கு வெள்ளை ஸ்பிரிட் எனப்படும் பெயின்ட் கடைத் திரவத்தையோ டபிள்யூ.டி.40 போன்றதையோ துணியில் சிறிது எடுத்துத் தொடலாம். இவை தொழிற்சாலைத் தெளிபூச்சைச் சிறிது நேரத்தில் கெடுப்பதில்லை. வேலை முடிந்ததும் ஷெம்பூ போட்டுக் கழுவி எண்ணெய்ப்பசை முழுவதையும் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீதித் தூசி எல்லாம் அதில் வந்து படியும்.

சிலர் எந்தக் கறைக்கும் தேசிக்காய்ப் புளியைத் தேய்ப்பார்கள். இறப்பர் தொழிற்சாலையில் பாலை உறைய வைக்க என்ன போடுகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்: போமிக் அமிலம். அமிலம் பட்டால் பால் உறையும். ஸ்பிரிட் பட்டாலும் உறையும். ஆகவே ஈரமான பலாப்பாலின் மேல் தேசிக்காயோ ஸ்பிரிட்டோ ஊற்றுபவர், கழுவினால் போயிருக்கக் கூடியதைத் தன் கையாலேயே ஒட்ட வைக்கிறார்.

ஸ்பிரிட்டுக்கு உரிய இடம் பைன் மரத்துப் பிசின். பாமசியில் விற்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுறொப்பைல் அல்ககோல் போதும். பஞ்சை நனைத்துக் கறையின் மேல் அரை நிமிடம் தொடக்கம் ஒரு நிமிடம் வரை வைத்துப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம், பிடித்தால் போதும். கரைந்ததைத் துடைத்து எடுத்துவிட்டு, துணியின் சுத்தமான பக்கத்தால் மீண்டும் அதையே செய்யுங்கள். கரைந்த பிசினை அதே துணியால் இழுத்தால் ஒரு புள்ளி ஒரு சாணாகப் பரவும். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் எல்லோரும் வாங்கி வைத்த கை சுத்திகரிக்கும் ஜெல் இன்னும் சிலரின் வாகன லாச்சியில் கிடக்கும். அது இதற்கு நல்ல சாமான். அல்ககோல் இருக்கிறது, ஜெல்லாக இருப்பதால் கதவு போன்ற செங்குத்தான இடத்திலும் வழியாமல் நிற்கும். மாமரக் கறைக்கு முதலில் சூட்டுத் துவாய், பிறகு மிச்சத்துக்கு ஸ்பிரிட் என்று இரண்டையும் வரிசையாகப் பாவிக்கலாம்.

தடித்த கட்டியாக இருந்தால் முதலில் இளக்கிவிட்டு, பழைய தொலைபேசி அட்டை போன்ற பிளாஸ்டிக் அட்டையால் மேலாகத் தள்ளி எடுக்கலாம். நகம், கத்தி, பிளேட் எதுவும் பெயின்டுக்கு ஆகாது. முன்கண்ணாடிக்கு மட்டும் பிளேட் பாவிக்கலாம். சவர்க்கார நீர் விட்டு, பிளேட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். முன்விளக்குகளைக் கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய வாகனங்களில் அவை பொலிகார்பனேற் என்ற பிளாஸ்டிக். பெற்றோலும் தின்னரும் பட்டால் உள்ளே நூல் நூலாக வெடிக்கும். வைப்பர் இறப்பரில் மண்ணெண்ணெய் படவிட்டால் அது ஊதி வளைந்துவிடும்.

தின்னர் போத்தல் பற்றி

நட்டத்தின் பெரும்பகுதி இந்தப் போத்தலில்தான் இருக்கிறது என்பது எமது கருத்து. தின்னரும், நகப்பூச்சு நீக்கும் அசிற்றோனும் பெயின்டைக் கரைப்பதற்காகவே செய்யப்பட்டவை. அவை கறையையும் கரைக்கும், கறைக்குக் கீழே உள்ளதையும் கரைக்கும். எது முதலில் கரையும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல.

நமக்குத் தெரிந்த ஹயர் வேன்காரர் ஒருவரின் கதை இது. வாகனத்தைக் கழுவக் கொடுத்த இடத்தில் கூரையோரத்திலும் பக்கக் கதவிலும் இருந்த பலாப்பாலைத் தின்னரால் துடைத்திருக்கிறார்கள். கதவு முன்னர் ஒரு தடவை பெயின்ட் அடிக்கப்பட்டது. துணியில் வெள்ளை நிறம் ஒட்டிக்கொண்டு வந்தபோதும் பையன் அதை அழுக்கு என்று நினைத்துத் தொடர்ந்து தேய்த்துவிட்டான். கதவு முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. கழுவிய இடம் கழுவிய கூலியை மட்டும் வேண்டாம் என்றது. மூன்று நாள் ஹயர் போனது, பெயின்ட் செலவு வந்தது, கதவின் நிறம் மற்றப் பக்கத்தோடு இன்னும் சரியாகச் சேரவில்லை.

இதில் ஒரு தொழில்நுட்ப விடயம் உண்டு. தொழிற்சாலையில் பெயின்டை ஏறத்தாழ 140 பாகை சூட்டில் சுட்டு இறுக்குகிறார்கள். டயரும் வயரும் பூட்டிய வாகனத்தைக் கராஜில் அப்படிச் சுட முடியாது. 60 பாகை அளவில், அல்லது வெறும் காற்றில்தான் காய வைப்பார்கள். அதனால் திரும்ப அடித்த பெயின்ட் பொதுவாக மென்மையானது. சில மலிவான வேலைகளில் பாவிக்கப்படும் பெயின்ட், காய்ந்து வருடங்கள் கழிந்தாலும் தின்னருக்குக் கரையும். புதிதாக அடித்துச் சில வாரங்களே ஆன வாகனம் இன்னும் ஆபத்தானது. அதை மரத்தடிப் பக்கமே கொண்டு போகாமல் இருப்பது புத்தி. பழைய வேன்கள், லொறிகள், முச்சக்கர வண்டிகள் சிலவற்றில் தெளிபூச்சே இருக்காது, நிறம்தான் மேற்படை.

ஆகவே எந்தத் திரவத்தையும் பாவிக்க முன்னர், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் உள் ஓரம் போன்ற மறைவான இடத்தில் ஒரு துளி வைத்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் திரும்பப் பெயின்ட் அடிக்கும்போது பெரும்பாலும் அந்த உள் ஓரத்தை விட்டுவிடுவார்கள். ஆகவே கறை உள்ள பலகையின் கீழ் விளிம்பிலும் ஒரு தடவை பார்ப்பது பாதுகாப்பு. துணியில் நிறம் வந்தாலோ, துடைத்த இடம் ஒட்டினாலோ, மங்கினாலோ நிறுத்திவிடுங்கள். எண்ணெயும் சூட்டு நீரும் கொண்டு பொறுமையாக எடுப்பதுதான் அத்தகைய பெயின்டுக்கு வழி.

பெற்றோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எல்லாமே தீப்பற்றக் கூடியவை. சூடான எஞ்சினுக்கு மேலுள்ள பொனட்டில் அவற்றை ஊற்றுவது, பக்கத்தில் ஒருவர் சிகரெட் பிடிப்பது எல்லாம் வாகனத்தோடு சேர்த்து ஆளையும் இழக்கும் வேலை. காற்றோட்டமான இடமும் கையுறையும் தேவை. நனைத்த துணிகளைக் குவித்து வைக்க வேண்டாம்.

விற்கும் நாளில் என்ன நடக்கிறது?

கதவொன்றைத் திரும்ப அடித்தால் என்ன, புதுசு போல ஆகிவிடும்தானே என்று கேட்கலாம். வாங்குபவர் அப்படிப் பார்ப்பதில்லை. இப்போது விலைமதிப்பீட்டாளர்களும் அனுபவமுள்ள தரகர்களும் பெயின்டின் தடிப்பை அளக்கும் சிறு கருவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். தகட்டில் வைத்த உடனே மைக்ரோன் கணக்கைக் காட்டும். எல்லாப் பக்கமும் 120 காட்டும் வாகனத்தில் ஒரு கதவு மட்டும் 250 காட்டினால், அது மரப்பாலுக்காக அடித்தது என்று எவரும் நம்பப்போவதில்லை. 'எங்கே இடித்தீர்கள்?' என்பதே அடுத்த கேள்வி. உண்மையைச் சொன்னாலும் விலை குறைந்துவிடும். திரும்பப் பெயின்ட் அடிப்பதன் செலவு கராஜ் பில்லோடு முடிவதில்லை என்பது இதுதான். மறுபக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரு போத்தல் ஸ்பிரிட்டும், பஞ்சும், இரண்டு மைக்ரோபைபர் துணியும், அரை மணி நேரப் பொறுமையும்.

துளியை எடுத்த பிறகும் வளையம் தெரிந்தால் பொலிஷ் பற்றி யோசிக்கலாம். ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை. 'கட் அன்ட் பொலிஷ்' என்பது பூச்சு சேர்ப்பதல்ல, பூச்சைச் சுரண்டுவது. ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரோன் முதல், கடுமையாக வெட்டினால் ஐந்து மைக்ரோன் வரை போகலாம். 40 மைக்ரோன் முதலில் இருந்து வருடத்துக்கு மூன்று தடவை இப்படி எடுத்தால், அது இலாபத்தைச் செலவழிப்பதல்ல, முதலையே தின்பது. மினுக்கத்துக்காக அடிக்கடி செய்யச் சொல்லும் இடங்களில் சற்று யோசித்துத்தான் தலையாட்ட வேண்டும். வளையம் உள்ள இடத்தை மட்டும், மென்மையான பொலிஷ் கொண்டு, கையால் செய்து பார்த்துவிட்டு, போதும் என்றால் அதோடு விட்டுவிடலாம். பற்பசை தேய்ப்பதும் பொலிஷ் வகைதான். ஆனால் எந்த அளவு சுரண்டும் என்று தெரியாத பொலிஷ்.

கறை எடுத்த இடத்தில் முன்னர் இருந்த மெழுகுப் பூச்சும் போயிருக்கும். அங்கு மெழுகு பூசாமல் விட்டால் அடுத்த துளி நேரடியாகத் தெளிபூச்சில்தான் விழும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு பூசும் வாகனத்தில் பால் ஒட்டினாலும் எளிதில் வரும். வீட்டில் மரத்தடியைத் தவிர வேறு இடமில்லாதவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். உறை போட்டு மூடுவது நல்லதுதான், ஆனால் கழுவிய வாகனத்துக்கு மட்டும். தூசியோடு இருக்கும் வாகனத்தின் மேல் உறையை இழுத்துப் போட்டால், காற்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது அரத்தாளாக வேலை செய்யும்.

கழுவும் தொழிலில் உள்ளவர்களுக்கு

வாகனம் கழுவும் நிலையம் நடத்தும் சகோதரர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் சாவியைக் கையில் தந்த நேரம் முதல் அந்த வாகனம் அமானிதம். பையன்கள் கறையைக் கண்டால் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். தின்னர் போத்தலைக் கழுவும் இடத்திலிருந்து அகற்றுங்கள். அது பெயின்ட் அடிக்கும் இடத்துச் சாமான்.

வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போதே உரிமையாளரோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பால், பிசின், எச்சம் ஒட்டிய இடங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எந்தப் பலகையாவது முன்னர் பெயின்ட் அடிக்கப்பட்டதா என்று கேட்டு பில்லில் எழுதிக்கொள்ளுங்கள். 'கறையை எடுக்கலாம், ஆனால் கீழே வளையம் இருந்தால் அது தெரியும்' என்பதை வேலைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பின் சொன்னால் அது சாட்டு என்றுதான் கேட்கும்.

இதைத் தனி வேலையாக்கிக் கூலி கேட்பதிலும் தவறில்லை. கழுவும் கூலிக்குள் அடக்கி இலவசமாகச் செய்ய முனைவதால்தான் பையன்கள் அவசரப்படுகிறார்கள். அவசரப்படும்போதுதான் கை தின்னருக்குப் போகிறது. அரை மணி நேரம் எடுக்கும் வேலைக்கு அரை மணி நேரத்துக்கான கூலியைச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரின் வாகனத்தைக் கழுவி மட்டும் கொடுங்கள். வீட்டில் தேங்காயெண்ணெய் போட்டு எடுக்கும் முறையைச் சொல்லியும் அனுப்புங்கள். அடுத்த சேவிஸுக்கு அவர் அநேகமாக உங்களிடமே வருவார்.